விசாலம் அக்கா கப்பல் ஏறிய குளிர்காலம்

1

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பொருள்கள் குவியும். ஒன்று பனி, மற்றொன்று கப்பல் நிறுவனங்கள் அனுப்பும் வண்ணப் பிரசுரங்கள். பனியை அள்ளி ஓரத்தில் போடாவிட்டால் நகராட்சி அபராதம் விதிக்கும். பிரசுரங்களை அள்ளிப் போடாவிட்டால் என் கணவர் அவற்றைப் படித்துவிடுவார். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அமெரிக்காவின் வடபகுதியில், ஓர் ஏரிக்கரை நகரத்தில் நாங்கள் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கிறிஸ்துமஸை ஒட்டிப் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவார்கள். அந்த விடுமுறையில் ஓரளவு வசதியுள்ளவர்கள் அனைவரும் வெயிலைத் தேடித் தெற்கே ஓட வேண்டும் என்பது இங்கு எழுதப்படாத சட்டம். நான் நகராட்சியின் சமூகநலப் பிரிவில் வேலை செய்கிறேன். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் வாங்க முடியாத குடும்பங்களுக்கு உதவி வழங்கும் பிரிவு அது. காலை முழுவதும் எண்ணெய் தீர்ந்துபோன வீடுகளின் விண்ணப்பங்களைப் படித்துவிட்டு, நண்பகலில் கரீபியக் கடலின் நீல நிறத்தைப் பற்றி உரையாடுவதில் என் சக ஊழியர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. சமூகவியலில் பட்டம் பெற்ற பாவத்தால் எனக்குத்தான் ரொட்டி தொண்டையில் சிக்கும்.

நேற்று, பக்கத்து மேசையில் இருக்கும் பார்பரா கேட்டாள்: "போன முறை ஊருக்குப் போனபோது ஒரு கப்பல் பயணம் திட்டமிட்டாயே, அது எப்படி இருந்தது? நீ சொல்லவே இல்லையே?"

"மிகவும் நன்றாக இருந்ததாம். நான் போகவில்லை" என்றேன்.

அவள் அதை இந்தியத் தத்துவம் என்று எடுத்துக்கொண்டு, மரியாதையாகத் தலையசைத்துவிட்டு நகர்ந்தாள். அவளுக்கு விளக்க முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் சிலர் அந்த நாட்களில் திருவனந்தபுரத்தில் எங்கள் வலியசாலைத் தெருவில் ஓரிரு கருத்துகள் தெரிவித்தவர்களாகவும் இருக்கலாம்.

2

என் கணவர் சுந்தரம் பொறியாளர். எதையும் கட்டம் போட்டுத் திட்டமிடாவிட்டால் அவருக்கு உறக்கம் வராது. அந்த ஆண்டு அவருடைய மேலதிகாரி ஒரு கரீபியக் கப்பலில் போய்விட்டு வந்து, அதில் இரவும் பகலும் சாப்பாடு கிடைக்கும் என்ற செய்தியை அலுவலகம் முழுவதும் பரப்பியிருந்தார். அது சுந்தரத்தின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. நாங்கள் சைவ உணவுக்காரர்கள், இரவு பகலாகத் திறந்திருக்கும் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் நமக்குக் கிடைக்கக்கூடியது தர்ப்பூசணிதான் என்று எடுத்துச் சொன்னேன். "இரவு பகலாகத் தர்ப்பூசணி கிடைக்குமே" என்றார்.

நான் வேறு ஆட்சேபங்களையும் முன்வைத்தேன். அந்தக் கப்பல்களில் தட்டுக் கழுவுகிறவர்கள் யார், அவர்கள் எந்த நாட்டு ஏழைகள், அவர்கள் பிள்ளைகளின் விடுமுறை எப்போது என்றெல்லாம் கேட்டேன். எங்கள் மகள் வித்யாவுக்கு அப்போது பதினான்கு வயது. நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "அம்மா, நீ எங்கே போனாலும் இப்படித்தான் இருப்பாய். அதனால் எங்கே போனாலும் ஒன்றுதான்" என்று ஆங்கிலத்தில் கூறினாள். இந்த நாட்டில் பிள்ளைகளுக்குத் தர்க்கத்தை நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஒவ்வொரு மூன்றாம் ஆண்டும், பள்ளியில் முன்கூட்டியே விடுப்புக் கேட்டு, டிசம்பர் ஆரம்பத்திலேயே ஊருக்குப் போவது எங்கள் வழக்கம். அந்த ஆண்டு போக வேண்டிய முறை. ஆகவே நான் ஒரு சமரசத் தீர்மானம் கொண்டுவந்தேன். திருவனந்தபுரத்துக்கே போவோம். அங்கிருந்து கொச்சிக்குப் போய், லட்சத்தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போகும் கப்பலில் ஏறுவோம். நம் நாட்டுக் கப்பல், நம் நாட்டுத் தீவு. கூடவே விசாலம் அக்காவையும் அழைத்துப் போவோம்.

விசாலம் அக்கா எனக்கு ஒரே தமக்கை. வலியசாலையில், நாங்கள் பிறந்த வீட்டிலேயே கணவரோடு இருக்கிறாள். மகளைக் கட்டிக்கொடுத்துப் பம்பாய்க்கு அனுப்பியாயிற்று. சங்குமுகம் கடற்கரை அவள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். ஆறாட்டு நாளில் சுவாமி நீராடக் கடலுக்குப் போகும்போது தானும் கூட்டத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். மற்ற நாட்களில் அவளுக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முந்தைய முறை நாங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, அந்தக் கடற்கரையில் கடலை கொறித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "ராஜி, சாகறதுக்கு முன்னாலே ஒரு தடவை கப்பல்லே ஏறணும்டீ" என்றாள்.

"எதுக்கு அக்கா?"

"வெறுதே."

சும்மா என்பதற்குத் திருவனந்தபுரத்துச் சொல் அது. அக்கா தன் வாழ்நாளில் சும்மா எதையும் கேட்டவளல்ல. கேட்டதெல்லாம் யாருக்காவது மருந்து, யாருக்காவது வரன். ஆகவே அந்த ஆசை என் மனத்தில் தங்கியது. எங்கள் உல்லாசத்துக்கு அக்காவின் ஆசை அமைந்தது, வியாபாரத்துக்குத் தரும காரியம் அமைந்ததுபோல. என் மனச்சாட்சி உடனே ஒப்புதல் கொடுத்தது. சுந்தரம் கட்டம் போட்டார். திருவனந்தபுரத்துப் பயண முகவர் ஒருவருக்கு எழுதி, சுந்தரம், நான், வித்யா, அக்கா என நான்கு பேருக்கு இடம் கேட்டோம். இடம் உண்டு, வந்து விவரங்கள் கொடுங்கள் என்று பதில் வந்தது.

விளைவுகளை எடைபோட்டுப் பார்க்காமல் ஒரு தேக்கரண்டி சர்க்கரைகூடப் போடமாட்டாள் என்று என்னைப் பற்றிச் சுந்தரம் நண்பர்களிடம் சொல்வார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

3

டிசம்பரில் திருவனந்தபுரத்தில் குளிர் என்றால், விடியற்காலையில் மின்விசிறியின் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பது என்று பொருள். ஆகவே 'குளிர்கால விடுமுறை' என்ற தொடரை அத்திம்பேருக்கு விளக்கவே ஒரு பொழுது ஆயிற்று. அக்காவின் கணவரான அத்திம்பேர் தலைமைச் செயலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். எந்தக் கேள்வியையும் மறுக்கமாட்டார். பரிசீலனையில் வைப்பார்.

"லட்சத்தீவு இந்தியாவிலேதானே இருக்கு?" என்று ஆரம்பித்தார்.

"ஆமாம் அத்திம்பேர்."

"அப்போ வெளிதேசம் இல்லை. ஆனா நடுவிலே சமுத்திரம் இருக்கே."

"தீவுன்னா சமுத்திரம் இருக்காதா?"

"அது செரி. நான் எதிர்க்கலை கேட்டயா ராஜி. ப்ரொஸீஜர் என்னன்னு பாக்கறேன், அவ்வளவுதான். தை மாசம் அப்பாவோட திவசம் வரது. சமையல் இவளாக்கும். சமுத்திரம் தாண்டினவ கையாலே சமைச்சதைப் பித்ருக்கள் ஏத்துப்பாளா?"

"நாங்க எத்தனை தடவை தாண்டியிருக்கோம்! அம்மா திவசத்துக்கு நான் சமைச்சேனே, நீங்களும்தானே சாப்பிட்டேள்?"

அத்திம்பேர் கண்ணாடியைக் கழற்றினார். கோப்பில் முடிவான குறிப்பு எழுதும்போது அவர் செய்வது அது. "நீங்க வரது ப்ளேன்லே. அது ஆகாச மார்க்கம். சமுத்திர ஸ்பரிசம் இல்லை."

எங்கள் குடும்பம் இத்தனை ஆண்டுகளாகச் சுத்தமாக இருந்துவருவதற்குக் காரணம், விமானத்தின் சக்கரங்கள் அலையில் படாததுதான் என்று அன்றுதான் அறிந்தேன். சமையலறையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"பத்மநாபஸ்வாமி பள்ளிகொண்டிருக்கறது எங்கேயாக்கும்? பாற்கடல்லேயா, புத்தரிக்கண்டத்திலேயா?"

புத்தரிக்கண்டம் கிழக்கேகோட்டையில் அரசியல் கூட்டங்கள் நடக்கும் மைதானம். சுவாமி அங்கே படுத்திருந்தால் அவருக்கு உறக்கமே வந்திருக்காது. அத்திம்பேர் அசரவில்லை. "அவர் ஸ்வாமி. அவர் யாருக்கும் திவசம் பண்ண வேண்டாம்" என்றார்.

இறுதியில் இந்த விஷயம் குடும்பப் புரோகிதரின் மேல்முறையீட்டுக்கு அனுப்பப்பட்டது. எங்கள் தெருவில் அவரை வாத்தியார் என்போம். மண்டல காலம், மார்கழி பஜனை என்று அவருக்கு ஓய்வே இல்லாத பருவம் அது. இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று நாட்கள் ஓடின. இதற்குள் தெருவுக்குச் செய்தி பரவியது. எதிர்வீட்டு ஆனந்தி மாமி வந்து, "கப்பல்லே எச்சல் பத்தெல்லாம் யாருடீ பாப்பா?" என்று ஆசாரத்தை நினைத்துக் கவலைப்பட்டாள். "மாமி, நீங்க வந்து பாத்துக்கோங்கோ. ஒரு எடம் கூடக் கேக்கறேன்" என்றாள் அக்கா. மாமி ஒரு கணம் யோசித்ததை நான் கவனித்தேன்.

ஒருவழியாக வாத்தியார் வந்தார். காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டுத் தீர்ப்பு வழங்கினார். "கப்பல்லே ஏறலாம், தப்பில்லை. தீவிலே இறங்கப்படாது. இன்னொரு மண்ணை மிதிச்சாத்தான் தாண்டினதா அர்த்தம். மிதிக்காம திரும்பிட்டா, போனதாவே ஆகாது."

"கப்பல்லேருந்தே தீவைப் பாத்துட்டு வந்துடணுமா?" என்று கேட்டேன்.

"கண்ணுக்குத் தோஷமில்லை" என்றார். வாத்தியாரின் மகன் பஹ்ரைனில் கணக்கராக இருக்கிறான். அவனும் ஆகாச மார்க்கம்தான்.

இதை மூடநம்பிக்கை என்று எழுதி முடித்துவிட என் கல்வி என்னைத் தூண்டுகிறது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், எங்கள் நகராட்சி எந்த வீட்டைக் குளிர்ந்த வீடு என்று ஏற்கலாம் என முடிவு செய்யும் முறைக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேற்றுமை தெரியவில்லை. அங்கும் முதலில் விதி, பிறகுதான் குளிர்.

4

தீர்ப்பு கையில் கிடைத்த மறுநாள், சுந்தரமும் நானும் அக்காவும் வித்யாவும் ஸ்டாச்சூ சந்திப்புக்கு அருகிலிருந்த பயண முகவர் அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்கு அப்பால் இருந்தவரிடம் என் மலையாளத்தில் வந்த காரியத்தைச் சொன்னேன். நான் ஊரைவிட்டுப் போன காலத்து மலையாளம் அது. இடையில் அந்த மொழிக்கு என்னென்னவோ நடந்திருக்கிறது. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். நான் மறுபடியும் மலையாளத்தில் பேசினேன். அவர் மறுபடியும் ஆங்கிலத்தில் பேசினார். இருவரும் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டோம்.

தீவுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், அடையாளத்துக்கு ஏதாவது கொடுங்கள் என்றார். அக்கா ரேஷன் கார்டை எடுத்து வைத்தாள். நாங்கள் மூவரும் எங்கள் நீல நிறப் பாஸ்போர்ட்டுகளை வைத்தோம். அவர் அவற்றைத் திறக்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொச்சிக்குத் தொலைபேசியில் பேசினார். வைத்துவிட்டு, இந்த முறை மலையாளத்திலேயே சொன்னார்: "ஃபாரினர்ஸினு பற்றில்லா."

அந்தக் கப்பல் போகும் தீவுகளுக்கு வெளிநாட்டார் போக முடியாதாம். யாரைச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. சுவரில் ஒரு காலண்டர் மட்டும் தொங்கியது.

"நான் பிறந்தது இங்கே கரமனையில்" என்றார் சுந்தரம், குரல் உயர.

"பிறந்ததில் பிரச்சினை இல்லை சார். பாஸ்போர்ட்தான்" என்றார் அவர், மிக்க பரிவோடு.

நாங்கள் குடியுரிமை மாறியது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. ஒரு நீதிமன்றக் கூடத்தில் வலக்கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தோம். வெளியே வரும்போது ஆளுக்கொரு சிறிய கொடி கொடுத்தார்கள். அதை அத்திம்பேருக்கு எழுதியபோது, ரேஷன் கடையை மாற்றிக்கொண்டதைப்போல எடுத்துக்கொண்டு, "சௌகரியமாக இருந்தால் சரி" என்று பதில் எழுதினார். நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். வேலைக்கு நல்லது, வரிசையில் நிற்க வேண்டாம், அவ்வளவே. அதன் பிறகு அதை யாரும் நினைக்கவில்லை.

இந்தத் திட்டத்தில் எத்தனை மூளைகள் ஈடுபட்டன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பொறியாளர், ஒரு சமூகவியல் பட்டதாரி, ஒரு செக்‌ஷன் ஆபீசர், வேதம் படித்த ஒரு வாத்தியார். விசாலம் அக்கா சமுத்திரத்தைத் தாண்டினால் அவள் வேறு ஆளாகிவிடுவாளா என்பதை நாங்கள் அத்தனை பேரும் ஊன்றி ஆராய்ந்தோம். தாண்டி வேறு ஆளாகிவிட்ட மூவர் அதே கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"இந்த அம்மாவுக்குத் தடையில்லை" என்று முகவர் அக்காவைக் காட்டினார். "ஆனால் நீங்கள் தாமதித்துவிட்டீர்கள். கிறிஸ்துமஸ் கப்பலுக்கு இனி அனுமதி வாங்க முடியாது. புத்தாண்டுக்குப் பிறகு போகும் கப்பலில் போகலாம். கோட்டயத்திலிருந்து பள்ளி ஆசிரியைகள் மூவர் வருகிறார்கள். அவர்கள் அறையில் ஓர் இடம் இருக்கிறது."

அந்தக் கப்பல் திரும்பும் நாளைக் கேட்டோம். நாங்கள் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிட்ட பிறகுதான் அது கொச்சிக்கு வரும். விமானச் சீட்டை மாற்ற வழியில்லை. வித்யாவுக்குப் பள்ளி திறந்துவிடும்.

கிழக்கேகோட்டை வரை பஸ்ஸில் அக்கா ரேஷன் கார்டைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

5

வீட்டில் செய்தி சொன்னதும் ஒரு பெரிய நிம்மதி பரவியது. "நன்னா ஆச்சு" என்றார் அத்திம்பேர். "கன்யாகுமரி போயிடலாம். மூணு சமுத்திரத்தையும் கரையிலேருந்தே பாத்துடலாம். தோஷமும் இல்லை, பெர்மிட்டும் வேண்டாம்." சுந்தரம் உடனே கட்டம் போட ஆரம்பித்தார்.

அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் அருகில் உட்கார்ந்து, பொறுப்புள்ள ஒரு தங்கை பேச வேண்டிய முறையில் பேசினேன். "அக்கா, மனசுலே வச்சுக்காதே. அடுத்த தடவை வரச்சே நமக்கெல்லாம் ஒத்துவரா மாதிரி வேற கப்பல் பாக்கலாம்."

"அடுத்த தடவை எப்போ?"

"மூணு வருஷத்திலே வருவோமே."

அக்கா துருவலை நிறுத்தவில்லை. வாசற்படியில் நின்றிருந்த வித்யா, தன் நொண்டித் தமிழில், "பெரியம்மாக்கு எடம் இருக்கே. பெரியம்மா போகட்டும். எங்களுக்குத்தானே இல்லை?" என்றாள்.

குழந்தை ஏதோ சொல்கிறது என்று எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. துருவியதை வழித்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "நான் போறேன்" என்றாள்.

"தனியாவா?" என்றார் அத்திம்பேர். "யாராக்கும் கூட?"

"கப்பல் நிறைய ஆளாக்கும்."

"ராஜியெல்லாம் ஊருக்குக் கெளம்பற அன்னிக்கு ஆத்திலே யாரிருக்கா?"

"நீங்கதான் இருக்கேளே."

செக்‌ஷன் ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் அக்காவின் பக்கம்தான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். பெண்களின் சுயநிர்ணய உரிமை குறித்துக் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். அந்த உரிமை, என்னை வழியனுப்ப வரமாட்டேன் என்ற உருவத்தில் என் வீட்டுக்குள்ளேயே வரும் என்று அந்தப் பேச்சில் நான் குறிப்பிட்டிருக்கவில்லை.

"அக்கா, நான் இத்தனை தூரம் வரதே உன்னைப் பாக்கத்தான்" என்றேன்.

"பாத்துண்டுதானே இருக்கே."

"கடைசி நாட்கள்லே நீ இல்லேன்னா..."

"நீ வந்தப்பல்லாம் நான் இங்கேதான் இருந்திருக்கேன் ராஜி. நீ வராதப்பவும் இங்கேதான் இருந்திருக்கேன். ஒரு தடவை இல்லேன்னா என்ன?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்கும் குரலில்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அன்று மாலை முழுவதும் நான் என்னென்னவோ எடைபோட்டேன்: தனியாகப் போகும் பெண்ணின் பாதுகாப்பு, அவளுடைய ரத்த அழுத்தம், குடும்பத்தின் அமைதி. எதை எந்தத் தட்டில் வைத்தாலும், அடியில் கிடந்தது ஒன்றுதான்: எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. அனுமதிச் சீட்டுக்கு, போகிறவர் நல்லவர்தான் என்று உள்ளூர்ப் போலீஸ் சான்று தர வேண்டுமாம். அத்திம்பேர் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற கவலை. தலைமைக் காவலர் அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மையுடெ பேரில் கேஸ் வல்லதும் உண்டோ?" என்று கேட்டார்.

"இதுவரைக்கும் இல்லை" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். வலியசாலைத் தெருவே அறிந்த ஓர் உண்மை, அன்றுதான் அரசாங்கத்துக்கும் தெரிந்தது. வெளியே வந்ததும் அக்கா என்னிடம், "பாத்தியா, ரெண்டு நிமிஷத்திலே ஆச்சு. வாத்தியார்தான் ரெண்டு வாரம் எடுத்துண்டார்" என்றாள்.

6

கொச்சித் துறைமுகத்தின் வெளிவாசலோடு எங்களை நிறுத்திவிட்டார்கள். அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் மட்டும் உள்ளே போகலாம். கப்பலைக் கம்பிகளின் வழியேதான் பார்த்தோம். எங்கள் வீட்டு வாசலில் குவியும் பிரசுரங்களிலிருந்து அது வெகுவாக வேறுபட்டிருந்தது. பக்கவாட்டில் துரு வழிந்திருந்தது. மேல்தளத்தில் நீச்சல்குளம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ வேட்டி உலர்த்தியிருந்தார்கள்.

கோட்டயத்து ஆசிரியைகள் மூவரும் அதற்குள் அக்காவின் பைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி அக்காவைச் சேச்சி என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தாள். என்னைவிடச் சிறியவள். எனக்கு அவளை ஏனோ பிடிக்கவில்லை.

"எறங்காதே, கேட்டயா!" என்று அத்திம்பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூவினார். "கப்பல்லேயே இரு!"

அக்கா கையை உயர்த்தினாள். அது சம்மதமா, விடையா என்று பிரித்தறிய முடியவில்லை.

"இதற்குப் பெயர் என்ன அம்மா?" என்று வித்யா கேட்டாள். "நாம் போகாமல், வேறொருவர் போவதை நின்று பார்ப்பதற்கு?"

"வழியனுப்புவது" என்றேன்.

"நாம் இதை இதற்கு முன் செய்ததே இல்லையே" என்றாள்.

உண்மைதான். போகிறவர்களாகவே இருந்து எங்களுக்குப் பழகிவிட்டது. அது எவ்வளவு சௌகரியமான நிலை என்பதைக் கம்பிக்கு இப்பால் நின்றபோது புரிந்துகொண்டேன். போகிறவருக்குப் பெட்டி, சீட்டு, நேரம் என்று கவலைப்பட ஆயிரம் இருக்கிறது. நிற்கிறவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதுகூடத் தெரிவதில்லை.

திரும்பி வந்த பிறகு, விடுமுறையின் எஞ்சிய நாட்களை அக்கா இல்லாத வலியசாலை வீட்டில் கழித்தோம். காப்பிப் பொடி எந்த டப்பாவில் என்று அத்திம்பேருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு டம்ளர் காப்பி போட, எதிர்வீட்டு ஆனந்தி மாமியை அழைத்து வழி கேட்க வேண்டியிருந்தது. கன்னியாகுமரிக்கும் போனோம். மூன்று சமுத்திரங்களும் இருந்தன. அத்திம்பேர் திருப்தியடைந்தார்.

விமான நிலையத்துக்கு அவர் ஒருவர்தான் வந்தார். எங்கள் பெட்டிகளின் பூட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் செரியா இருக்கு" என்றார்.

7

தை மாதம் அத்திம்பேரின் அப்பா திவசம் கழிந்த மறுநாள், ஆனந்தி மாமி வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். இங்கே ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே மாமி தெருவைப் பார்த்து, "விசாலம், அமெரிக்கா!" என்று கூவியது கடலைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"எப்படி இருந்தது அக்கா?"

"மொத நாள் பூரா வாந்தி. அந்த டீச்சர்தான் தலையைப் பிடிச்சிண்டா. பாவம், நல்ல பொண்ணு."

"அப்புறம்?"

"அப்புறம் செரியாச்சு. மேலே போய் ஒக்காந்துண்டேன். கரை கொஞ்ச நேரம் தெரிஞ்சுண்டே இருந்தது. அப்புறம் இல்லை. சுத்தி எங்கே பாத்தாலும் ஒண்ணுமே இல்லை ராஜி. யாரும் எதுவும் கேக்கலை. நன்னா இருந்தது."

கரை கண்ணிலிருந்து மறைவதைப் பற்றி எங்களைப் போன்றவர்கள் எவ்வளவோ உருகி எழுதியிருக்கிறோம். நன்றாக இருந்தது என்று ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை.

"தீவிலே எறங்கினயா?" என்று மெல்லக் கேட்டேன்.

"பின்னே? அத்தனை தூரம் போய்ட்டு கப்பல்லேயே ஒக்காந்திருக்கறதுக்கு எனக்கென்ன பைத்தியமா? எறங்கினேன், முழங்கால் தண்ணியிலே நடந்தேன், ஒரு இளநீர் குடிச்சேன்." ஆனந்தி மாமி பக்கத்திலேயே நிற்பாள் என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"அத்திம்பேர்?"

"கேட்டார். எறங்கினேன்னேன். ரெண்டு நாள் பரிசீலனையிலே வச்சார். அதுக்குள்ளே திவசம் வந்துடுத்து. வேற யார் சமைப்பா? நான்தான் சமைச்சேன்."

"வாத்தியார்?"

"வந்தார். சாப்பிட்டார். அதிரசம் இன்னும் ஒண்ணு கேட்டு வாங்கிண்டார். எறங்கினயான்னு அவர் கேக்கலை. நானும் சொல்லலை. கேட்டா சொல்லியிருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பழைய பொறுப்புணர்ச்சியும் வந்தது. "அடுத்த தடவை நாங்க வரச்சே, எங்களுக்கும் அனுமதி கெடைக்கற மாதிரி ஒரு எடமா நான் விசாரிச்சு வைக்கறேன் அக்கா. எல்லாருமா சேர்ந்து போகலாம்."

"நீ விசாரி" என்றாள் அக்கா. "டீச்சர்மாரெல்லாம் வர கிறிஸ்துமஸுக்கு அந்தமான் போறாளாம். நான் பேர் குடுத்தாச்சு. நீ வந்தா சாவி ஆனந்தி மாமி கிட்டே இருக்கும்."